பாலத்துக்கு நாடி பார்ப்பது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மண்பானை வாங்கப் போனால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? விரலால் ஒரு தட்டு. ‘ணங்’ என்றால் எடுத்துக்கொள்வார்கள். ‘தொப்’ என்றால் கீழே வைத்துவிடுவார்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். நான் பேச வந்த விஷயம் அவ்வளவுதான். பானைக்குப் பதில் பாலம், காதுக்குப் பதில் சென்சார்.

2018 ஆகஸ்டில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். திருச்சியில் 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டியது அது. நமக்கு வயலும் வாய்க்காலும் அந்த மாதிரி பழங்கட்டுமானங்களை நம்பித்தான் இருக்கு. தூணின் அடியில் மணல் அரித்துப்போனால் மேலே நிற்கிற ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிடிமானம் குறைந்த தூண் முன்னைவிட மெதுவாக ஆடும். அதை அளக்கலாம்.

அளக்கிற கருவி முடுக்கமானி. அதை வைத்துக் கம்பி இழுத்துக்கொண்டு போவதற்குள் பாதிப் பணம் கம்பிக்கே போய்விடும். அதனால்தான் கம்பியில்லா முறை. 2006-இல் அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 64 சிறு பெட்டிகளை மாட்டினார்கள். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்ல, அது அதற்கடுத்ததற்குச் சொல்ல, 46 தாவலில் செய்தி கரை சேர்ந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது கான்பூர் ஐ.ஐ.டி.யார் 2008-இல் வெளியிட்ட ரயில் பாலத் திட்டம். பேட்டரி தீர்ந்துவிட்டால் பாலத்தின் மேல் ஏறி யார் மாற்றுவது? பெட்டிகளைத் தூங்க வைத்துவிட்டார்கள்! வருகிற ரயிலில் ஒரு ரேடியோ இருக்கும். அதன் குரல் கேட்டதும் பெட்டிகள் விழித்து, கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, ரயில் போகும்போதும் போன பிறகும் அதிர்வைப் பதியும். பதிந்ததை அடுத்து வருகிற ரயில் வாங்கிக்கொண்டு போகும். நம்ம ஊர் மூளைங்க அது!

கடிகாரம் என்றேனே, அதை லேசாக நினைக்காதீர்கள். பெட்டிகளின் நேரம் ஒன்றுக்கொன்று பிசகினால் பாலம் எந்த வடிவத்தில் ஆடுகிறது என்ற படமே தப்பாகிவிடும்.

இனி சிக்கலுக்கு வருகிறேன். விறைப்பு 10 சதம் குறைந்தால் அதிர்வெண் சுமார் 5 சதம்தான் குறையும், ஏனென்றால் அங்கே வர்க்கமூலம் வருகிறது. சித்திரை வெயிலும் மார்கழிப் பனியும் சில சதம் மாற்றிவிடும். நோய் எது, வெயில் எது என்று பிரிக்க வருடக்கணக்கில் அளவு வேண்டும். விற்க வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பயன் உண்டா என்றால், உண்டு. பாம்பன் பழைய பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி. சென்சார்கள் அபாய எச்சரிக்கை கொடுத்த பின்னர்தான் 2022 டிசம்பர் 23-இல் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது.

தரை அதிர்வும் இதே கதைதான். கோயில் பக்கத்தில் பைல் அடிக்கிறார்கள் என்றால், பழங்கட்டடத்தின் அஸ்திவாரத்தில் மெதுவான அதிர்வு நொடிக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மன் விதி சொல்கிறது. நம்முடையது வண்டல் மண். அதில் மெதுவான அதிர்வுதான் அதிகம் ஓடும். ஆக, கடுமையான வரம்புதான் நமக்குப் பொருந்தும். ‘வீடு கொஞ்சம் ஆடுச்சு’ என்று மனு எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எண் வேண்டும்.

மாணவத் தம்பிகளே, உங்கள் பையில் இருக்கிற போனிலும் முடுக்கமானி உண்டு. ரயில் போகும்போது பாலம் குலுங்குவதற்கு அது போதும். சும்மா நிற்கிற கோபுரத்தின் நுண்ணதிர்வுக்குப் போதாது. இயற்பியல் துறையும் கணினித் துறையும் சேர்ந்தால் நாலைந்து நல்ல பெட்டிகளாவது செய்யலாம். செலவில் ஒரு பங்கு எங்கள் வகுப்பு ஏற்கும். உரிய துறையில் அனுமதி வாங்கி, ஏதாவது ஒரு வாய்க்கால் பாலத்தில், மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன்பு ஒரு அளவு, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு அளவு எடுத்து வையுங்கள். முதல் அளவு இல்லாமல் பின்னால் எதோடு ஒப்பிடுவது?

கேள்வி இருந்தால் இப்பவே கேளுங்கள், இலை போட ஆரம்பிச்சுட்டாங்க.