கடல் கடக்கும் காதல்



இருவர் உள்ளம் ஒன்று, மதம் இரண்டு. மணம் முடித்திட அவர்கள் கடல் கடக்கின்றனர்! எங்கே இந்த விந்தை? லெபனான் நாட்டில்!

அரசு ஏற்ற சமயப் பிரிவுகள் அங்கே 18. திருமணமோ அவற்றின் குருமார் கையில். மதம் கடந்த காதலர் பலர் நாடும் வழி இரண்டு: ஒருவர் மதம் மாறுவது; அன்றேல், சைப்ரஸ் தீவுக்குச் செல்வது. அங்கே அதிகாரி முன் கையொப்பமிட்டுத் திரும்பினால், அதே லெபனான் அரசு அந்த மணத்தைப் பதிந்துகொள்கிறது! அயல்நாட்டு ஏட்டுக்கு உள்ள மதிப்பு, சொந்த நாட்டு ஏட்டுக்கு இல்லையாம்! பயணத்துக்குப் பணமற்ற ஏழைக் காதலர் என் செய்வர்? உரிமை என்ன, கடைச்சரக்கா?

பிரான்சைப் பாருங்கள்! 1792ஆம் ஆண்டிலேயே திருமணப் பதிவை நகராட்சியிடம் ஒப்படைத்தது புரட்சி. இன்றும் முதலில் நகராட்சி மன்றம். விரும்பினால் பிறகு தேவாலயம். துருக்கியும் 1926இல் குடியியல் மணத்தைச் சட்டமாக்கிற்று. தேவாலய மணி ஓய்ந்ததா? பள்ளிவாசல் பூட்டப்பட்டதா? இல்லையே!

வேண்டுவோர் வேதம் ஓதட்டும். வேண்டாதார் கையொப்பத்தோடு அமையட்டும். வழிபாடு அவரவர் விருப்பம். மணவுரிமை அனைவர்க்கும் பொது. அந்த உரிமையை வழங்க வேண்டியது அரசு. வாழ்த்துவதோடு நிற்கட்டும் ஆலயம்!