முள்ளும் விளக்கும்



மோட்டார்ப் பந்தயக் காருக்கு எந்த அளவுமானிகளைத் தெரிந்தெடுப்பது என்பதைப் பற்றிப் பேச ஒரு பாடசாலை அதிபர் முன்வருவது உங்களுட் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நான் கலைப்பட்டதாரி. என் வாழ்நாளிற் கற்பித்தவை வரலாறும் ஆங்கிலமுமே. ஓர் எஞ்சினைக் கழற்றி மீண்டும் பூட்டும் ஆற்றல் எனக்கு இன்றளவும் இல்லை. ஆயினும் இவ்விடயம் என் வீட்டு வாயிலுக்கு வந்து என்னை அழைத்தது.

யாழ்ப்பாணத்தில் மோட்டார் திருத்தகம் நடத்தும் என் பழைய மாணவன் ஒருவன், ஒருநாள் மாலை ஒரு கட்டு ஆங்கில விளக்க ஏடுகளுடன் வந்தான். பழைய யப்பானியக் கார் ஒன்றை அவன் நேர்பாதை ஓட்டத்திற்கென மாற்றி அமைத்துக்கொண்டிருந்தான். கருவிகள் வாங்க வேண்டும்; கையில் இருந்த பணமோ அளவானது. "சேர், இதிலே பன்னிரண்டு மீற்றர் போட்டிருக்கிறான். எல்லாவற்றையும் வாங்க என்னால் ஏலாது. இந்த இங்கிலீசை வாசித்து, எது தேவை என்று சொல்லுங்கோ" என்றான். வகுப்பில் ஆங்கிலப் பாடத்தின்போது யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவன். அன்று இரவு பத்து மணி வரை ஆங்கிலம் படித்தான்!

நேர்பாதை ஓட்டம் என்றால் யாது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். விளக்கு எரிந்ததும் புறப்படும். வளைவு இல்லை, திருப்பம் இல்லை. கால் மைல், அதாவது 1320 அடி, ஏறத்தாழ 402 மீற்றர் தூரத்தை முதலிற் கடப்பதே வெற்றி. அமெரிக்காவிலே, கலிபோர்னியாவில், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இளைஞர்கள் விமானத் தளங்களின் ஓடுபாதைகளில் இதனை ஒழுங்காக நடத்தத் தொடங்கினர். 1951ஆம் ஆண்டில் அங்கே இதற்கென ஒரு தேசிய சங்கமும் தோன்றியது. விமான ஓடுபாதையை மோட்டார் ஓட்டத்துக்குப் பயன்படுத்துவது நமக்கும் புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும், நம் தீவிலே களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்தவிலும் அவ்வாறு பந்தயங்கள் நடந்திருக்கின்றன. பொதுத் தெருவில் ஓடுவதை நான் ஓட்டம் என்று சொல்வதில்லை. பருத்தித்துறை வீதியில் இரவு வேளைகளில் மோட்டார்ச் சைக்கிள்கள் செய்வதற்கு வேறு பெயர் உண்டு. என் மாணவன் தன் காரை லொறியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய் ஓட்டுபவன். அதனாலேயே அவனுடன் அமர்ந்து வாசித்தேன்.

அவனுடைய ஏடுகளைப் புரட்டியபோது என் நினைவு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்றது. என் தகப்பனாரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அக்காரின் முன்தட்டு நடுவிலே வட்டமான ஒரேயொரு வேகமானி. அதன் உள்ளே எரிபொருள் அளவைக் காட்டும் ஒரு முள். எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்துக்கு முள் கிடையாது; ஒரு சின்னஞ்சிறு விளக்கு மட்டுமே. நீரின் வெப்பத்தைக் காட்ட அதுவும் இல்லை. எரிபொருளும் வீதியும் ஒழுங்காய் இருந்த காலத்தில் அது போதுமாயிருந்தது.

1990ஆம் ஆண்டில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெயே விளக்குக்கும், அடுப்புக்கும், காருக்கும் என்றாயிற்று. பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை நம் ஊர்த் திருத்துநர்கள் எவரிடமும் கேளாமலே கற்றுக்கொண்டார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவது. அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆதலால் எப்போது மாற்றலாம் என்பதை அறிய நீரின் வெப்பம் தெரிய வேண்டும். எங்கள் காரில் வெப்பமானி இல்லாமையால், என் தகப்பனார் இறங்கிப்போய் றேடியேற்றரின் மேற்புறத்தைக் கையாற் தொட்டுப் பார்ப்பார். அவருடைய உள்ளங்கையே வெப்பமானி. எரிபொருள் முள்ளோ வெறும் அலங்காரமாயிற்று. ஏனெனில் தாங்கியில் ஒன்றும் இல்லை, மண்ணெண்ணெய் முன்னால் கட்டியிருந்த ஒரு தகரத்திலிருந்து இறங்கியது.

ஆனால் நாங்கள் அறியாத ஒன்று உள்ளே நடந்துகொண்டிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து, எஞ்சின் எண்ணெயுடன் கலந்தது. எண்ணெய் அளக்கும் கோலை எடுத்துப் பார்த்தால் மட்டம் குறையவே இல்லை. சற்று ஏறியும் இருந்தது. "பழைய எஞ்சின் என்றாலும் எண்ணெய் குடிக்கவில்லை" என்று தகப்பனார் மகிழ்ந்தார். ஏறியது எண்ணெய் அன்று, மண்ணெண்ணெய் என்பதை மணந்து பார்த்திருந்தால் அறிந்திருப்போம். எண்ணெய் நீராய் இளகிவிட்டது. கார் நின்றபடி முனகும்போது அந்தச் சிறு விளக்கு இடைக்கிடை கண் சிமிட்டும். ஓடத் தொடங்கினால் அணைந்துவிடும். விளக்கிற்கோ வயரிற்கோ பழுது என்று எண்ணி விட்டுவிட்டோம்.

1993ஆம் ஆண்டில் ஓர் இரவு, பிரசவ வேதனையில் இருந்த அயல்வீட்டுப் பெண்ணை மந்திகை ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. தகப்பனார் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். நெல்லியடி தாண்டி, வல்லை வெளியில் ஏறியபோது எஞ்சினுக்குள் ஒரு தட்டும் ஓசை கேட்டது. அதற்கு முன்னர் விளக்கு எரியவில்லை. ஓசை பெரிதான பின்னரே எரிந்தது. சில கணங்களில் எஞ்சின் இறுகி நின்றது. இருபுறமும் உப்புக் காற்று. தூரத்தே ஒரு வெளிச்சமும் இல்லை. அந்தப் பெண் ஒரு சொல்லும் சொல்லாமல் தன் தாயின் கையைப் பற்றிக்கொண்டிருந்தாள். முக்கால் மணித்தியாலத்தின் பின் வந்த ஓர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவளை ஏற்றினோம். தாயும் பிள்ளையும் தப்பியது அந்த உழவு இயந்திரத்தால். எங்கள் காரினால் அன்று.

அந்தச் சிறு விளக்கின்மேல் எனக்கு அன்று தொடங்கிய மனக்கசப்பு முப்பது ஆண்டு நீடித்தது. ஆகவே என் மாணவனுக்கு நான் முதலிற் சொன்னது, "தம்பி, எது இல்லாவிட்டாலும் எண்ணெய் அழுத்தத்துக்கு நல்ல முள் வேண்டும், விளக்கை நம்பாதே" என்பதுதான்.

அவன் அதை மறுக்கவில்லை. அவன் எஞ்சினுக்கு, சூடாக ஓடும்போது, ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தல் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது திருத்துநர்களின் பழைய கணக்கு. ஆறாயிரம் சுற்றில் அறுபது இறாத்தல். அப்படியானால் நூறு இறாத்தல் வரை காட்டும் மானி போதும். இருநூறு வரை காட்டுவதை வாங்கினால், பணம் கூடுதலாகக் கொடுத்து, முள் குறைவாக அசைவதைப் பார்க்க நேரும். முகப்பில் கால்வட்டம் மட்டும் அசையும் முள்ளை விட, முக்கால் வட்டம் சுற்றும் முள்ளே நன்று. சிறு வேறுபாடும் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து எழுந்த கேள்வி, குழாய் வழி இயங்கும் மானியா, மின் மானியா என்பது. குழாய் மானியின் தத்துவம் பழையது. வளைந்த தட்டையான ஒரு குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது அது நிமிர முயல்கிறது. அந்த அசைவே முள்ளைத் திருப்புகிறது. பிரான்சு நாட்டவரான யூஜின் பூர்டோன் 1849இல் இதற்கு உரிமை பெற்றார். நீராவி எஞ்சின்களின் கொதிகலன்களில் இருந்த அதே கருவிதான். மின்சாரம் வேண்டாம், பொய் சொல்வது அரிது. ஆனால் சூடான எண்ணெயே மெல்லிய செப்புக் குழாய் வழியாக ஓட்டுநரின் முழங்காலருகே வருகிறது. குழாய் அதிர்வில் வெடித்தால் கால் வெந்துபோகும். கம்பி வலை பின்னிய குழாய் இட்டால் அச்சம் குறையும். பெற்றோல் அழுத்தமானியிலோ இந்தத் தயவுக்கு இடமே இல்லை. பெற்றோலை எக்காரணத்தாலும் ஓட்டுநர் இருக்கும் அறைக்குள் குழாயில் கொண்டுவரலாகாது. கண்ணாடிக்கு வெளியே, எஞ்சின் மூடியின் மேல் அம்மானியைப் பொருத்த வேண்டும். அன்றேல் மின் மானியை வாங்க வேண்டும். இந்த ஒரு பந்தியை அவனை மூன்று முறை வாசிக்கச் செய்தேன்.

வேகமானி வேண்டாம் என்று ஒதுக்கினோம். பாதையின் முடிவில் வைத்த கருவிகளே வேகத்தைக் கணித்துவிடும். எரிபொருள் அளவு முள்ளும் வேண்டாம். சில லீற்றர் பெற்றோலே ஊற்றுகிறார்கள். ஆனால் காபரேற்றருக்குச் செல்லும் பெற்றோலின் அழுத்தம் வேண்டும். அவனுடைய காபரேற்றருக்கு ஆறு இறாத்தல் அளவு போதும். பாதையின் கடைசியில், முழு வேகத்தில், அது குறைந்தால் எஞ்சினுக்குக் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்து பிஸ்ரன் உருகிவிடும். நீர் வெப்பமானி வேண்டும். ஆனால் விலை குறைந்ததே போதும். பதினைந்து செக்கனில் நீரின் வெப்பம் பெரிதாக மாறாது. வரிசையில் காத்து நிற்கும்போது, ஒவ்வோர் ஓட்டத்தையும் ஒரே வெப்பத்தில் தொடங்குகிறோமா என்று பார்ப்பதற்கே அது.

பெரும்பணம் சுழற்சிமானிக்குச் சென்றது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைக் காட்டும் இதுவே கியர் மாற்றும் கணத்தைச் சொல்வது. மற்றவை இரண்டங்குல அகலம் என்றால் இது ஐந்தங்குலம்; கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். குறித்த சுற்றை எட்டியதும் எரியும் ஒரு விளக்கும் இதனோடு உண்டு.

இங்கேதான் எனக்கும் அவனுக்கும் வாதம் எழுந்தது. எண்ணெய் அழுத்தத்துக்கும் ஒரு விளக்கு வேண்டும் என்றான். வல்லை வெளிக் கதையை அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "சேர், ஓடுகிற நேரத்தில் முள்ளைப் பார்க்க எனக்குக் கண் இல்லை. கண் பாதையில் இருக்கும். வெளிச்சம் என்றால் பார்க்காமலே தெரியும். உங்கட ஐயாவின் காரில் பிழை விளக்கில் இல்லை. அது எத்தனை இறாத்தலுக்கு எரிய வைத்திருந்தது என்பதிலேதான்" என்றான்.

நான் வாயடைத்துப்போனேன். அக்காலத்துக் கார்களில் அவ்விளக்கு அழுத்தம் பத்து இறாத்தலுக்கும் கீழே விழுந்த பின்னரே எரியும். ஓடும் எஞ்சினுக்கு முப்பதுக்கு மேல் வேண்டிய இடத்தில், பன்னிரண்டோ பதினைந்தோ இருந்தால் விளக்கு அமைதியாக இருக்கும், எஞ்சின் தேய்ந்துகொண்டிருக்கும். தீ பிடித்த பின் அடிக்கும் மணி அது. என் மாணவன் இருபத்தைந்து இறாத்தலில் எரியும் விசையை வாங்கினான். அதன் விலை, அவன் ஒதுக்கிய பணத்தில் மிகச் சிறு பங்கு. முள்ளையும் வைத்தான், அது புறப்படும் முன்னரும் ஓடி முடிந்த பின்னரும் பார்ப்பதற்கு. ஓட்டத்தின்போது விழுந்த ஆகக் குறைந்த அழுத்தத்தை நினைவில் வைத்திருந்து பின்னர் காட்டும் மானி அது.

இன்னுமொன்று செய்தான். மானிகளைப் பொருத்தும்போது எண்கள் நேராக நிற்க வேண்டும் என்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி, எல்லாம் நலமாக இருக்கும்போது எல்லா முட்களும் மேல்நோக்கி நிற்குமாறு வைத்தான். எண்கள் சரிந்தும் தலைகீழாகவும் இருந்தன. எழுத்து நேராக இருக்க வேண்டும் என்று பழகிய எனக்கு அது உறுத்தியது. ஆனால் ஒரு முள் சாய்ந்தாலும் வாசிக்காமலே தெரிகிறது என்பது உண்மை.

முதல் ஓட்டத்துக்கு நான் செல்லவில்லை; பாடசாலையிற் பரீட்சைக் காலம். அன்று பின்னேரம் தொலைபேசியில் அழைத்தான். பச்சை விளக்கு எரிந்து, கார் பாய்ந்த கணத்திலேயே எண்ணெய் விளக்கு எரிந்ததாம். காலை எடுத்துவிட்டான். பக்கத்துக் கார் போய்விட்டது, கூட்டம் சிரித்தது. மானியைப் பார்த்தால் குறைந்த அழுத்தம் பதினெட்டு இறாத்தல். தகப்பனாரின் காரில் என்றால் விளக்கு எரிந்தே இராது.

காரணத்தை அன்றிரவே கண்டுபிடித்தார்கள். கார் முன்னே பாயும்போது அடித்தட்டில் உள்ள எண்ணெய் பின்னே ஒதுங்குகிறது. உறிஞ்சும் குழாயின் வாய் ஒரு கணம் காற்றைக் குடிக்கிறது. அடித்தட்டைக் கழற்றி, எண்ணெய் ஓடாமல் மறிக்கும் தடுப்புத் தகடுகளை ஒட்டினார்கள். அடுத்த முறை ஓடியபோது விளக்கு எரியவில்லை. பதினைந்து செக்கனுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் முடித்தான். அந்த ஓட்டத்திலும் தோற்றான். எஞ்சின் மட்டும் முழுதாகத் திரும்பி வந்தது.

என் தகப்பனாரின் மொறிஸ் மைனர் இன்னும் எங்கள் வளவில், தென்னைகளுக்குக் கீழே நிற்கிறது. எஞ்சினைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று இப்போது அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். முன்தட்டில் துளையிட்டு ஓர் எண்ணெய் அழுத்தமானி பொருத்த என் அனுமதி வேண்டுமாம். விளக்கையும் இருபத்தைந்து இறாத்தலுக்கு மாற்றுவானாம். துளையிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.