ஊமை ராணியின் ஊரில் ஒரு வேண்டுகோள்

(கோடியக்கரையில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"கோடியக்கரைக்குப் போறோம், பத்து நிமிஷம் ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். மானைப் பற்றியும் பூநாரையைப் பற்றியும் சொல்ல விலங்கியல் நண்பர்கள் இருக்கிறார்கள். வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தைச் சொல்ல வரலாற்றுத் துறை இருக்கிறது. சிறப்பாசிரியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இந்த ஊர் என்றால் ஊமை ராணி ஞாபகம்தான்.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' படிக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? பூங்குழலியின் அத்தை மந்தாகினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. தஞ்சாவூரில் இருக்கும் சேந்தன் அமுதனின் தாயாரும் அப்படியே. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர். பூங்குழலி அத்தையோடு கைச்சாடையில் சரளமாகப் பேசுகிறாள். அந்த அத்தை அனுராதபுரத்தில் அருள்மொழிவர்மனுக்குச் சித்திரங்களைக் காட்டித் தன் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறாள். அவளுக்குச் சொல்ல விஷயம் இருந்தது, சொல்ல வழியும் இருந்தது. ஆனால் நம் வாயில் அவள் பெயர் மந்தாகினி அல்ல, 'ஊமை' ராணி!

நம் பேச்சே அப்படித்தான் இருக்கிறது, பாருங்கள். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்கிறோம். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்கிறோம். காது கேட்பவனே முழு மனிதன், கேளாதவன் அவனைப் போல நடித்தாவது காட்டவேண்டும் என்கிற இந்த எண்ணத்துக்கு ஆங்கிலத்தில் 'ஆடிசம்' என்று பெயர். (ஆட்டிசம் வேறு, இது வேறு.) 1975-ல் அந்தச் சொல்லை உண்டாக்கிய அமெரிக்கர் டாம் ஹம்ப்ரீஸ் தாமே காது கேளாதவர். நான் இதைக் 'கேட்போர் ஆணவம்' என்பேன்.

இந்த ஆணவம் சட்டம் போலவே ஆன கதையும் உண்டு. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி மாநாடு கூடியது. வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது, சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். உலகின் பல நாடுகளில் பள்ளிகளில் சைகை தடுக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். இதற்கு வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் ஆயின, 2010-ல் வான்கூவர் மாநாட்டில்.

உதட்டைப் பார்த்துப் படித்தால் போதாதா என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் 'பாடு' என்று சொல்லுங்கள், பிறகு 'மாடு' என்று சொல்லுங்கள். உதட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? 'க' தொண்டையிலேயே நின்றுவிடும். ல, ள, ழ கேட்கிற நமக்கே தகராறு! போதாக்குறைக்கு வீட்டில் 'வந்துட்டான்', புத்தகத்தில் 'வந்துவிட்டான்'. ஒரு பிள்ளை இதையெல்லாம் ஊகித்தே ஒரு மொழியைக் கட்டவேண்டும் என்பது கொடுமை இல்லையா?

இந்தக் கரையோரத்து மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. "கையைக் காட்டாதே, காட்டினால் பேச்சே வராது" என்று யாரோ சொன்னதை அந்தத் தாய் வேதவாக்காக நம்பியிருந்தார். பேச்சும் வரவில்லை, சைகையும் இல்லை. தனக்கு ஒரு பெயர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. புத்தி குறைவு என்று எழுதியும் கொடுத்திருந்தார்கள். புத்திக்கு ஒரு குறையும் இல்லை. மொழிதான் போய்ச் சேரவில்லை. எங்கள் மூத்த மாணவர்கள் அவன் கன்னத்து மச்சத்தைத் தொட்டுக் காட்டி அதையே அவனுக்குப் பெயராக வைத்தார்கள். ஒரு வாரம் அவன் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மச்சத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டே திரிந்தான். அவன் அப்பா கடலில் இன்ஜின் சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரரிடம் கையாலேயே பேசுகிறவர். அந்தக் கை வீட்டுக்குள் வந்ததும் கட்டுப்பட்டுப் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இந்திய சைகை மொழி தமிழைக் கையால் எழுதிக் காட்டுவதல்ல. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் கடைசியில் வரும். புருவம் உயர்ந்தால் ஆம்-இல்லை கேள்வி. அதை முதல் மொழியாகக் கொடுத்து, அதன் வழியாக எழுத்துத் தமிழை இரண்டாவது மொழியாகக் கற்பிப்பதே இருமொழிக் கல்வி. சுவீடன் 1981-லேயே தன் நாட்டுச் சைகை மொழியை அங்கீகரித்து, 1983-ல் இருமொழிப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்கச் சொல்கிறது. 2018-ல் 3,000 சொற்களோடு வந்த இந்திய சைகை மொழி அகராதி 2021-ல் 10,000 சொற்களாக வளர்ந்தது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது, வேதாரண்யம் பஸ்ஸில் ஏறி வரத்தான் ஆள் இல்லை.

காக்ளியர் கருவி பொருத்துவதற்கு நான் விரோதி அல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கும் அது கிடைப்பது பெரிய காரியம். ஆனால் ஆபரேஷன் ஆன மறுநாளே பிள்ளை பேசிவிடாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும். உப்பளத்து வேலைக்குப் போகிற தாய் பயிற்சிக்காக எத்தனை தடவை ஊருக்கும் நகரத்துக்கும் அலைவார்? பலன் எப்படி இருக்குமோ என்று காத்திருக்கிற அந்த வருஷங்களில் பிள்ளை மொழி இல்லாமல் இருக்க வேண்டுமா? சைகை அந்த இடத்தை நிரப்பும். சைகை தெரிந்த பிள்ளைக்குப் பேச்சு வந்தால் வேண்டாமென்று யார் சொல்லப் போகிறோம்?

ஆகவே சங்கத்திடம் என் வேண்டுகோள் இதுதான். நம் அறக்கட்டளை வட்டிப் பணத்தில் கேடயம் வாங்குவதை ஒரு வருஷம் நிறுத்துவோம். சைகை மொழி கற்பிக்கத் தெரிந்த, காது கேளாத ஒருவருக்குச் சம்பளமும் பஸ் செலவும் கொடுத்து, சனிக்கிழமைதோறும் இந்தக் கடற்கரைக்கு அழைத்து வருவோம். பிள்ளைகளோடு தாய்மார்கள், அப்பாக்கள், பாட்டிகள் எல்லோரும் உட்காரட்டும். ஆசிரியர் கட்டாயம் காது கேளாதவராக இருக்கட்டும். தன்னைப் போல ஒரு பெரியவர் சம்பாதித்து, கல்யாணம் செய்து, குடும்பம் நடத்துவதை அந்தப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். இடத்துக்குக் கவலை இல்லை, ஒரு பள்ளிக்கூட வராந்தா போதும்.

செயலாளர் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும் முன் பெயரையும் தொகையையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பெயர் என்னுடையது.