இன்ஜின் மிஸ்ஸிங் ஆனால்

அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. பழைய பெட்ரோல் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. உங்கள் வண்டி நின்ற இடத்தில் உதறுகிறதா? நான்கு சிலிண்டர்களில் ஒன்று எரியாமல் இருக்கலாம். உடனே இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு பிளக் ஒயரைக் கழற்றுங்கள். அதன் முனை இன்ஜின் இரும்பைத் தொடும்படி வையுங்கள். ஸ்டார்ட் செய்யுங்கள். உதறல் கூடினால் அந்தச் சிலிண்டர் நல்லது. இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதில் மாற்றமே இல்லையோ, கோளாறு அங்கேதான். ஓடும்போது ஒயரைத் தொடாதீர்கள். பலமாக ஷாக் அடிக்கும்.

சூடு ஆறியதும் அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரில் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போகிறதா? புதுப் பிளக் போதும். போகவில்லையா? ஒயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பாருங்கள். மழைக்காலமானால் மூடிக்குள் ஈரம் இருக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். அப்போது மெக்கானிக்கிடம் போங்கள்.