பெட்டியில் உறங்கும் சரித்திரம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெற்ற பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்தும் அது இருக்குமா? அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வந்தேன்.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து சீவக சிந்தாமணியை அச்சேற்றிய ஆண்டு 1887. அதே ஆண்டில்தான் நமது சிங்கப்பூரில் ‘சிங்கைநேசன்’ என்ற வார இதழ் பிறந்தது. வீடுகளிலும் மடங்களிலும் ஏட்டைக் கரையானுக்குக் கொடுக்காமல் காத்தார்கள், சிந்தாமணி கிடைத்தது. இதழையும் யாரோ பத்திரப்படுத்தினார்கள். இன்று தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் சிங்கைநேசனைப் படிக்கிறோம்.

உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-ல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள் நம்மிடையே இருக்கலாம். உங்கள் வகுப்புப் படம், ஆண்டு மலர், மதிப்பெண் அட்டை எல்லாம் எங்கே? நாளை சரித்திரம் எழுதுகிறவனுக்கு அவைதானே சாட்சி!

தூக்கிப் போட்டால்தான் அழியும் என்று எண்ணாதீர்கள். ஆசையாக வைத்துக் கெடுப்பதும் உண்டு. நானே கெடுத்தேன். ஊரிலிருந்து பாட்டி அப்பாவுக்கு எழுதிய கடிதம் மடிப்பில் கிழிந்தது. நல்லது செய்கிறோம் என்று செலோடேப் ஒட்டினேன். சில ஆண்டுகளில் டேப் பழுத்து உதிர்ந்தது. பசை காகிதத்தில் ஊறிக் கறையாகிவிட்டது. பாட்டி கையெழுத்தில் இரண்டு வரி போயே போச்சு. இனி யார் எழுதித் தருவார்?

ஆகவே சொல்கிறேன், கேளுங்கள். டேப் வேண்டாம். குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடிக்கும், மெல்லக் கழற்றிவிடுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். நம் ஊர்க் காற்றிலே ஈரம் அதிகம். குளியலறைச் சுவரை ஒட்டி அலமாரி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சியும் வந்து சேரும். காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பெரிய தாள்களை மடிக்காமல் படுக்கையாக வையுங்கள். கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். பெயரில்லாத படம் ஊமைதான்.

சுவரில் மாட்ட ஆசையா? நகலை மாட்டுங்கள். வெயில் குடிப்பது நகலாக இருக்கட்டும். மூலம் இருட்டில் பத்திரமாக இருக்கட்டும். இடமில்லை என்றால் குப்பையில் போடுமுன் தேசிய நூலகத்தையோ தேசிய ஆவணக் காப்பகத்தையோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

தோழர்களே, உங்கள் பழைய வேலை அட்டையும் ஊர்க் கடிதமும் சாதாரணமல்ல. ஜூரோங்கைக் கட்டிய கைகளின் கதை அதில்தான் இருக்கிறது. பிள்ளைகளே, இன்று இரவே தாத்தாவையும் பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பெட்டியைத் திறங்கள். அவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மலரையும் பத்திரமாக வைத்திருங்கள்.