கையெழுத்துப் போடுவதற்கு முன்: வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் நம்மவர் சிக்கும் இடங்கள்
(சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு வாங்குவதும் விற்பதும் குடும்ப விஷயம், இதற்கும் உரிமைப் போராட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. நம்மில் பலருடைய பெற்றோர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். வேலை முடிந்த அன்றே வீட்டையும் காலி செய்தவர்கள். சொந்த வீடு என்பது நம் குடும்பங்களில் பலவற்றுக்கு இந்தத் தலைமுறையில்தான் வந்திருக்கிறது. கிராண்டில் எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் பெரியவர்கள் இல்லை. அந்த அறியாமையை நம்பியே ஒரு கூட்டம் பிழைப்பு நடத்துகிறது. அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இது: “நாற்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறோம். வரி கட்டுகிறோம், மின்சாரம் இருக்கிறது. இது எங்கள் நிலம்தானே?” இல்லை. தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: எத்தனை காலம் குடியிருந்தாலும் அரசாங்க நிலத்தின் மேல் உரிமை பிறக்காது. பினாங்கு கம்போங் புவா பாலாவில் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். 2009இல் அந்தக் கிராமம் இடிக்கப்பட்டது. அவர்கள் வாழ்ந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கிராண்ட் அவர்கள் பெயரில் இல்லை. அது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் வீடு வாங்கும்போது நாம் பார்க்க வேண்டியது, இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் சட்டத்தை.

டி.ஓ.எல். என்ற தற்காலிகக் குடியிருப்பு உரிமம் இருக்கிறதே என்பார்கள். அது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய அனுமதி. அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்துபோகும். ஆனாலும் டி.ஓ.எல். நிலத்து வீடுகள் இன்றும் கைமாறுகின்றன. ஒரு கடிதம், சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை, ரொக்கமாக முப்பதாயிரம் நாற்பதாயிரம் வெள்ளி. ஆணையரின் முத்திரை, கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்று மட்டுமே சொல்கிறது. நிலம் உங்களுடையது என்று சொல்லவில்லை. நீங்கள் வாங்கியது பலகையும் தகரமும்தான்.

ஆகவே முதல் வேலை, நில அலுவலகத்தில் கிராண்டைத் தேடிப் பார்ப்பது. விற்பவர் காட்டும் நகலை நம்ப வேண்டாம். அது ஐந்து வருஷத்துக்கு முந்தியதாக இருக்கலாம். இன்றைய தேதியில் எடுத்த தேடல் அறிக்கை வேண்டும். உரிமையாளர் பெயர், வங்கி அடமானம், கேவியட், குத்தகை நிலமாக இருந்தால் அது முடியும் ஆண்டு, இவற்றைப் பாருங்கள். அதோடு மலாயில் இரண்டு வரி இருக்கும். ‘சியாரட் ஞாத்தா’ என்பது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. ‘செக்கத்தான் கெப்பெந்திங்கான்’ என்பது விற்கவோ அடமானம் வைக்கவோ உள்ள தடை. பெரும்பாலான வில்லங்கம் இந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. மலாய் ரிசர்வ் நிலம் என்று குறிப்பிட்டிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம், உள்ளுக்குள் நமக்கு ஓர் ஒப்பந்தம்” என்று யோசனை சொல்வார்கள். அந்த ஒப்பந்தம் செல்லாது. நண்பர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய பிள்ளைகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா?

இதே தடைதான் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் சிக்கலை உண்டாக்குகிறது. பல வீடுகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மாநில அரசின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. விற்பவருக்கு அவசரம், வாங்குபவருக்கு வீடு தேவை. நடுவில் ஒருவர் வந்து, “பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக்கொள்ளலாம், பிறகு பெயர் மாற்றலாம்” என்கிறார். முழுப் பணமும் கைமாறுகிறது. பத்து வருஷம் கழித்து என்ன ஆகிறது? விற்றவர் இறந்திருப்பார். சாதாரண அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்தவரின் மரணத்தோடு முடிந்துவிடும். திரும்பப் பெற முடியாதபடி எழுதப்பட்ட பத்திரமாக இருந்தாலும் வாரிசுகளோடு வழக்காட வேண்டியிருக்கும். அல்லது விற்றவர் திவாலாகியிருப்பார். பதிவேட்டில் அவர் பெயர் இருப்பதால் திவால் இலாகா அந்த வீட்டைக் கேட்கும். நீங்கள் போட்ட டைல்ஸும் கிரில்லும் யார் கணக்கில் சேரும்? சம்மதம் கிடைத்தால்தான் விற்பனை என்று ஒப்பந்தத்தில் எழுதி, முன்பணத்தை வழக்கறிஞரின் கணக்கில் வைத்து, சம்மதத்துக்கு மனுப் போடுவதுதான் சரியான வழி. மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டும்.

இனி, எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை விற்காமலே இழந்தவர்கள்.

என்னிடம் வந்த ஓர் அம்மா, மகனின் மருத்துவச் செலவுக்கு இருபதாயிரம் வெள்ளி கடன் வாங்கினார். கொடுத்தவர் உரிமம் இல்லாதவர். “உத்தரவாதத்துக்குத்தான்” என்று சொல்லி நான்கு தாள்களில் கையெழுத்து வாங்கினார். ஒன்று விற்பனை ஒப்பந்தம். ஒன்று பூர்த்தி செய்யாத 14ஏ பாரம், அதாவது உரிமை மாற்றப் பாரம். ஒன்று முழு விலையையும் பெற்றுக்கொண்டதாக ரசீது. இன்னொன்று அதிகாரப் பத்திரம். கிராண்டையும் கொடுத்துவிட்டார். பதினோரு மாதம் வட்டி கட்டினார். பன்னிரண்டாம் மாதம், வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு வழக்கறிஞர் கடிதம் வந்தது.

இப்படி நடந்தால் சட்டம் முழுக்கக் கையை விரிப்பதில்லை. 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் கொடுத்த கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. விற்பனை என்ற போர்வையில் இருப்பது கடன்தான் என்று காட்டினால், நீதிமன்றம் தாளின் தலைப்பை விட்டு உள்ளே இருப்பதைப் பார்க்கும். ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை. சாட்சியும் இல்லை. வட்டியை வங்கி வழியாகக் கட்டியிருந்தால் அந்தப் பட்டியல் உங்களைக் காப்பாற்றும். வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

வேகமும் முக்கியம். ஏன் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்குச் சொந்தமான நிலத்தை, தான்தான் அவர் என்று சொல்லி வேறொருத்தி விற்றாள். 2000இல் கூட்டரசு நீதிமன்றம், நிலத்தை வாங்கிய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு நாட்டில் நில உரிமையாளர்களைப் பயமுறுத்தியது. 2010 ஜனவரியில் தான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் முந்திய தீர்ப்பு தவறு என்று சொன்னது. போலிப் பத்திரத்தின் மூலம் நேரடியாகப் பெயர் மாற்றிக்கொண்டவருக்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால், அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடும் உரிய விலைக்கும் வாங்கிய அடுத்த ஆளுக்கு இன்றும் பாதுகாப்பு உண்டு. அதனால்தான் வட்டிக்காரர் வீட்டைத் தன் பெயரில் வைத்திருக்க மாட்டார். சீக்கிரம் மூன்றாம் ஆளுக்குத் தள்ளிவிடுவார். சந்தேகம் வந்த அன்றே போலீசில் புகார் செய்யுங்கள். கிராண்ட் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், மோசடியைத் தடுக்கப் பதிவாளர் கேவியட் போடும்படி நில அலுவலகத்துக்கு எழுதுங்கள். பெயர் மாறிவிட்டது என்றால் தனியார் கேவியட் போடுவது பற்றி உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பலர் வீட்டை இழந்திருக்கிறார்கள்.

மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பு ஓரளவு நன்றாகவே இருக்கிறது. அரசாங்கம் வகுத்த ஒப்பந்தப் படிவம்தான் செல்லும். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் ‘புக்கிங் பணம்’ என்று வாங்குவது, என்ன பெயர் வைத்தாலும், விதிக்குப் புறம்பானது. தரை வீட்டுக்குப் பொதுவாக 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் கெடு. தாமதமானால் ஆண்டுக்கு விலையில் 10 விழுக்காடு இழப்பீடு. நான்கு இலட்சம் வெள்ளி வீட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 109 வெள்ளி. இதைக் கேட்காமலே சாவியை வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதத்துக்குள் விரிசல், ஒழுகல் எதுவாக இருந்தாலும் தேதியிட்ட கடிதத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் 2002 முதல் இயங்குகிறது. அங்கே பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. இதைச் சொல்வதால் என் தொழிலுக்கு நஷ்டம்தான். இன்னொன்று: “லோயர் செலவு இலவசம்” என்று விளம்பரம் செய்வார்கள். அந்த வழக்கறிஞர் மேம்பாட்டாளரின் வழக்கறிஞர், உங்களுடையவர் அல்ல.

பழைய வீடு வாங்கும்போது, விலையைக் கூட்டி எழுதி முழுத் தொகைக்கும் கடன் எடுக்கலாம் என்று சில முகவர்கள் ஆசை காட்டுவார்கள். அது வங்கியை ஏமாற்றுவது. விற்பவருக்கும் ஆபத்து, வாங்காத பணத்துக்கு இலாப வரி வரும். மலேசியக் குடிமகன் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15, ஆறாம் ஆண்டிலிருந்து 2022க்குப் பிறகு வரி இல்லை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்கு உண்டு, அதை எந்த வீட்டுக்குப் பயன்படுத்துவது என்று யோசித்து முடிவெடுங்கள். வாங்குபவர் கட்டும் முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்து ஐந்து இலட்சம் வரை 2. மூன்று இலட்சம் வீட்டுக்கு 5,000 வெள்ளி. இதைக் கணக்கில் எடுக்காமல், பத்து விழுக்காடு முன்பணம் மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கடைசியாக, அப்பா பெயரில் இருக்கும் வீடு. அப்பா இறந்து இருபது வருஷம், ஆறு பிள்ளைகள், ஒருவர் வீட்டை விற்கப் புரோக்கரிடம் முன்பணம் வாங்கிவிட்டார். அவருக்கு விற்கும் அதிகாரமே இல்லை. உயில் இல்லாத சொத்தை நில அலுவலகத்திலேயே பிரித்துக்கொள்ள சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து ஐம்பது இலட்சம் வெள்ளி வரையிலான சொத்துகளுக்கு இது பொருந்தும். அம்மாவின் திருமணம் கோயிலில் மட்டும் நடந்து பதிவாகவில்லை என்றால், மனைவி என்று நிரூபிக்கவே அலைய நேரும். 1982 மார்ச்சுக்குப் பிறகு திருமணம் செய்து இன்னும் பதியாதவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். இருவரும் உயிரோடு இருக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

கேள்வி நேரத்துக்குப் போவோம். கிராண்டும் ஒப்பந்தமும் கொண்டு வந்திருப்பவர்கள் வலது பக்க மேசைக்கு வாருங்கள், நகல் எடுக்கும் இயந்திரம் அங்கே இருக்கிறது. மூலப் பத்திரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.