ஐவர் கட்டிய வீடு



1936ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துத் தொழிலாளர் மறக்கவொண்ணாத ஆண்டாகும். அவ்வாண்டு மே மாதம் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. ஜூன் மாதம் தொழிலாளர் ஆலைகளைவிட்டு அகலாமலே வேலைநிறுத்தஞ் செய்தனர். வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், சம்பளத்துடன் இரு வார விடுமுறையும் சட்டமாயின. அக்கோடையிலே உருவாகிச் செப்டெம்பரில் வெளிவந்ததே ஜூலியன் துவிவியே இயக்கிய 'லா பெல் எக்கீப்' என்னும் படம். 'நல்லதொரு கூட்டு' என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம்.

பாரிஸ் நகரில் வேலையற்று வாடும் தோழர் ஐவர். அவர்கள் வாங்கிய லொத்தர்ச் சீட்டுக்கு 100,000 பிராங்கு விழுகிறது. பிரித்தால் ஆளுக்கு 20,000. அதனைச் செலவழித்துவிட்டால் மீண்டும் பழைய வறுமைதான். "பிரிக்க வேண்டாம், ஒன்றாய் நிற்போம்" என்ற கருத்தை முன்வைக்கிறான் ழான். இப்பாத்திரத்தை ஏற்றவர் புகழ்பெற்ற ழான் கபேன். ஆற்றங்கரையில் இடிந்து கிடந்த கட்டடமொன்றை வாங்கி, மக்கள் உண்டு ஆடிப்பாடி மகிழும் விடுதியாக்கத் தம் கையாலேயே உழைக்கின்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நம் வீடு'. அங்கே முதலாளியும் இல்லை, கூலியும் இல்லை.

ஓரிரவு புயல் வீசுகிறது. புதிதாய் வேய்ந்த ஓடுகள் பறக்கத் தொடங்குகின்றன. ஐவரும் கூரைமேல் ஏறித் தம் உடலையே பாரமாக்கிப் படுத்து, விடியுமட்டும் ஓடுகளைக் காக்கின்றனர். கூட்டுறவுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

எனினும் அக்கூட்டு நிலைக்கவில்லை. ஸ்பானிய அகதியான மாரியோவை அரசாங்கச் சட்டம் நாட்டைவிட்டுத் துரத்துகிறது. மாரியோவின் காதலியையே தானும் விரும்பிவிட்ட ஷாக், தோழனுக்குத் துரோகஞ் செய்ய மனமின்றித் தானே விலகுகிறான். தந்தேன் கூரையிலிருந்து விழுந்து மாள்கிறான். எஞ்சிய ழானுக்கும் ஷார்லோவுக்கும் இடையில், ஷார்லோவைப் பிரிந்து சென்ற மனைவி ஜினா வந்து சேர்கிறாள்.

இங்கே படத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு. இயக்குநர் எண்ணிய முடிவில் ழான் தன் தோழனையே கொன்றுவிடுகிறான். தயாரிப்பாளர் வேண்ட எடுக்கப்பட்ட மற்றதில், இருவரும் அவளை விலக்கி நட்பைக் காக்கின்றனர். நெடுங்காலம் மக்கள் பார்த்தது இந்த இன்ப முடிவையே. துயர முடிவு பின்னாளில் மீட்கப்பட்டது.

அன்பர்களே! இரண்டு முடிவுகளும் பழியைப் பெண்ணொருத்தியின் தலையிற் சுமத்துகின்றன. இது நியாயமன்று. ஐவரில் மூவர் பிரிந்ததில் அவளுக்கு யாதொரு பங்குமில்லை. சட்டமும் விபத்தும் வாய்திறவாத மனவேதனையுமே அவர்களைப் பிரித்தன. எஞ்சிய இருவருக்கிடையே பிணக்கு மூண்டபோது அதைத் தீர்த்துவைக்க ஒரு முறையும் அங்கிருக்கவில்லை. அன்பு இருந்தது, ஒழுங்கு இருக்கவில்லை.

புயல் வந்த இரவில் ஒன்றுசேர்வது எளிது. புயல் ஓய்ந்தபின், பணமும் பங்கும் மனக்கசப்பும் தலைகாட்டும் நாளிலும் ஒன்றாய் நிற்பதே கடினம். கூரையைக் காத்த ஐவரையும் போற்றுவோம். அவர்கள் வகுக்காது விட்ட ஒழுங்கை நாம் வகுத்துக்கொள்வோம்.